சாக்லேட் அறையில் முப்பத்தொன்பது டிகிரி

டிசம்பர் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். பால் வாங்கி வந்தேன். முந்தின நாள் டைரியை எழுதி முடித்தேன் (ஞாயிறு மாலை எழுத முடியவில்லை, காரணம் பின்னால் வருகிறது). மழை விட்டிருந்தது, மேகம் விடவில்லை. திருவொற்றியூர் வீட்டிலிருந்து மணலி ரோட்டில் இருக்கும் குடோனுக்கு ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, மனைவி மல்லிகா சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்து, "கொடை எடுத்துக்கினியா?" என்றாள். எடுத்துக்கொண்டிருந்தேன். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை என்பது அன்று காலை வரை எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம்.

அன்று வழக்கத்துக்கு மாறாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் குடோனின் இயந்திர அறையில், நான் என் கையாலேயே இழுத்துக் கட்டிய கயிறுகளில், அறுபது கிலோ வாளைக் கருவாடு தொங்கிக்கொண்டிருந்தது.

ஒழுங்கான ஆள் செய்கிற தப்பும் ஒழுங்காகவே இருக்கும் என்பது என் அனுபவம். அரைகுறை ஆள் அரைகுறையாகத் தப்பு செய்வான்; பாதியிலேயே யாராவது பார்த்து நிறுத்திவிடுவார்கள். நான் ஒரு தப்பைச் செய்தால் அளந்து, முடிச்சுப் போட்டு, இரண்டு முறை சரிபார்த்து, கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். கடவுளே வந்தாலும் இடையில் புகுந்து தடுக்க முடியாது.

எங்கள் முதலாளி யூசுப் பாய், வண்ணாரப்பேட்டைக்காரர். துறைமுகத்தில் இறங்கும் சரக்கை வாங்கி வைத்து அனுப்பும் குடோன் அவருடையது. நான் அங்கே பராமரிப்பு மேற்பார்வையாளர். மின்விளக்கிலிருந்து லாரி எடைமேடை வரை எல்லாம் என் பொறுப்பு. இரண்டு ஷெட்டுகளில் ஒன்று வெகு நாளாகக் காலி. அதில் வேலை பார்த்த ராயபுரம் அந்தோணி மேஸ்திரியும் அவருடைய எட்டு ஆட்களும் வாரத்தில் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் வெளிநாட்டுச் சாக்லேட் இறக்குமதி செய்கிற கம்பெனி ஒன்று, குளிர்ந்த அறை இருந்தால் சரக்கு வைக்கிறோம் என்று வந்தது. பாய் அந்த ஷெட்டுக்குள் ஓர் அறை கட்டினார். கட்டி முடித்ததும் என்னையும் அந்தோணியையும் கூப்பிட்டு நேராகச் சொல்லிவிட்டார்.

"திங்கக்கெழம அவங்க ஆபீஸர் பாக்க வராங்க. ரூம் பாஸாயிட்டா இந்த ஆளுங்களுக்கு வருஷம் பூரா வேல. ஆவலன்னா ஷெட்ட டேங்கர் லாரி நிறுத்தறவனுக்கு உட்டுடுவேன். அப்பறம் எங்கிட்ட வந்து யாரும் நிக்கக் கூடாது."

அந்தோணி என்னைப் பார்த்தார். "நான் பாத்துக்கறேன்" என்றேன். யாரும் கேட்காமலே அடுத்த வாக்கியத்தையும் சொன்னேன்: "கம்பெனி இன்ஜினீயர்லாம் வேணாம் பாய். ஹீட்டர நானே செட் பண்ணிடுவேன்."

சாக்லேட் அறையில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். "சார், மே மாசம் இந்த ஷெட்டுக்குள்ள நாங்கோ வேகறம்" என்றார் அந்தோணி. "அது பத்தாதுன்னு ஹீட்டரு வேற வாங்கினு வந்து மாட்றீங்களே."

விஷயம் இதுதான். சாக்லேட்டுக்கு வெயில் ஓர் எதிரி என்றால் ஈரம் இன்னோர் எதிரி. காற்றில் ஈரம் இருந்தால் மேலே வெள்ளை பூத்துவிடும். நம் ஊர் மழைக்காலக் காற்றோ நனைந்த துண்டு மாதிரி. இயந்திர அறையில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி இருக்கிறது; அறைக் காற்றை உள்ளே இழுத்து, குளிர்ந்த குழாய்களின் மேல் ஓட்டி, ஈரத்தைப் பிழிந்துவிட்டுத் திருப்பி அனுப்பும். ஆனால் நன்றாகப் பிழிய வேண்டுமானால் அளவுக்கு மேல் குளிர வைக்க வேண்டும். அப்படிக் குளிர்ந்த காற்றை அப்படியே அனுப்பினால் அறை ஐஸ்பெட்டி ஆகிவிடும். எனவே வெளியே போகும் வழியில் ஒரு துணை ஹீட்டர் அதைக் கொஞ்சம் சூடாக்கிப் பதினெட்டு டிகிரிக்குக் கொண்டுவரும். ஹீட்டர் எப்போது எரிய வேண்டும், எவ்வளவு எரிய வேண்டும், எந்தச் சூட்டுக்கு மேல் போனால் கண்டிப்பாக அணைய வேண்டும், இந்த மூன்றையும் கன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. மூன்றாவது எல்லை இருபத்திரண்டு டிகிரி. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை முழுவதும் கன்ட்ரோலரோடு உட்கார்ந்தேன். எண்களை எல்லாம் போட்டாயிற்று. ஆனால் ஹீட்டர் எரியவே இல்லை. காலி அறை, மூடிய கதவு, உள்ளே ஈரமே கிடையாது, எதற்கு எரியும்? எரிந்து பார்க்காமல் சரியாக வைத்திருக்கிறேனா என்று எப்படித் தெரியும்? நனைத்த கோணிகளைத் தொங்கவிட்டேன். ஹீட்டர் எரிந்தது, கோணி காய்ந்தது, அணைந்துவிட்டது. எனக்கு வேண்டியது விடிய விடிய நிதானமாக ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கிற ஒரு பொருள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காசிமேட்டில் மாமியார் வீட்டில் சாப்பாடு. மாமியார் சரோஜா அத்தை அங்கே பெரிய கருவாட்டு வியாபாரி. பத்து நாள் மழையில் ஒரு மீனும் காயவில்லை. கூடம் முழுக்கப் பாதி காய்ந்த வாளை கிடந்தது. நாங்கள் அதன் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஹீட்டர் கதையை நான் மல்லிகாவிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அத்தையின் கை அப்படியே நின்றது.

"அந்த ரூமு காய வெக்குமா மாப்ள?"

"காத்துல இருக்கற ஈரத்த எடுக்கும் அத்தை."

"அத்ததான் கேட்டன். காய வெக்குமா?"

"வெக்கும்."

"ஈரந்தான வோணும்? எங்கைல கீது. எவ்ளோ வோணும்னு மட்டும் சொல்லு."

"இன்னாமா நீ" என்றாள் மல்லிகா. "அது சாக்லேட்டு ரூமு."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது. ஆனால் நான் விளக்கம் சொன்னேன். கருவாடு சாக்லேட் அறைக்குள் போகவில்லை. பக்கத்தில் இருக்கிற இயந்திர அறைக்குத்தான் போகிறது. அதற்குத் தனிக் கதவு, தனிப் பூட்டு. (அந்த இயந்திர அறையின் காற்றுதான் சுற்றிச் சுற்றிச் சாக்லேட் அறைக்குப் போகிறது என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டவன் நான். அழகான அம்புக்குறி. ஸ்கேல் வைத்துப் போட்டது.) வாளையில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஈரம் இருக்கும் என்று அத்தையைக் கேட்டேன். "கைல புட்ச்சா தெரியும்" என்றார். அதை நாற்பது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அறுபது கிலோ சரியாக வந்தது.

மாலையில் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சரக்கோடு அத்தையும் வந்து இறங்கினார். கயிறு கட்டி, இடைவெளி அளந்து, தொங்கவிட்டேன். ஈரம் ஏறியது. ஹீட்டர் எரிந்தது. மணியைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டேன். அத்தை காற்று வரும் வழியில் கையை நீட்டிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, வெதுவெதுன்னு கீது? இது கொயந்தைக்குத் தண்ணி ஊத்தற சூடு. இத்துல கருவாடு காயாது, தூங்கும்."

"இருபத்திரண்டுக்கு மேல போனா அணைஞ்சிடும் அத்தை. அப்படித்தான் வெச்சிருக்கேன்."

"வெச்சவன் நீதான? மாத்து."

மாற்றினேன். எல்லையை நாற்பத்தைந்துக்கு ஏற்றினேன். காலையில் இரண்டே வேலை: கருவாட்டை எடுப்பது, எல்லையை மறுபடி இருபத்திரண்டுக்கு இறக்குவது. அத்தையிடமும் சொல்லிவைத்தேன். "எங்கிட்ட சொல்லிட்டல்ல, வுடு" என்றார்.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஈரம் நான் கேட்ட அளவில் நின்றிருந்தது. வேலை முடிந்துவிட்டதால் ஹீட்டர் தானாகவே அணைந்திருந்தது. அறையில் பதினெட்டரை டிகிரி. கயிற்றில் வாளைகள் காய்ந்த ஓலை மாதிரி சலசலத்தன. வண்டியோடு காத்திருந்த அத்தை ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தார். "மூணு நாளு வெயில்ல கூட இப்டி காயாது மாப்ள. தங்கம்." எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

முதல் வேலை முடிந்தது. ஆனால் எனக்கு ஒரு வேலையை முடித்தால் மட்டும் போதாது, துடைத்து முடிக்க வேண்டும். தரையில் சொட்டுச் சொட்டாக மீன் எண்ணெய், செதில். சோப்புத் தண்ணீர் ஊற்றி மூன்று முறை கழுவினேன். தேய்த்தேன். சுவரிலும் ஊற்றினேன். பிறகு அந்தோணியையும் அவர் ஆட்களையும் உள்ளே கூப்பிட்டேன்.

"நல்லா மூச்ச இழுத்துச் சொல்லுங்க. வாசனை வருதா?"

"இன்னா வாசனை சார்?"

"கருவாட்டு வாசனை."

"கருவாடா? எங்க கீது?" என்று அந்தோணி ஆசையோடு சுற்றிப் பார்த்தார்.

எட்டுப் பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். எட்டுப் பேரும் இல்லை என்றார்கள். பொய் சொல்லவில்லை. எல்லாரும் ராயபுரத்திலும் திருவொற்றியூர்க் குப்பத்திலும் பிறந்து வளர்ந்தவர்கள். அந்த வாசனை எங்களுக்கு வாசனையே இல்லை. காற்று அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கும் காசிமேட்டில் பெண் எடுத்து இருபது வருஷம் ஆகிறது. பரிசோதனை முடிந்தது, ஒன்பது மூக்குகள் சாட்சி என்று நிம்மதியாகக் குடையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றேன்.

இரண்டாவது வேலை நினைவுக்கு வரவே இல்லை.

நான் கேட்டில் நின்ற நேரத்தில் உள்ளே நடந்ததை இப்போது சொல்கிறேன். நான் ஊற்றிய தண்ணீர் தரையெல்லாம் நின்றது. ஈரத்தை அளக்கும் சென்சார் தரைக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. அது வெள்ளம் வந்துவிட்டது என்று முடிவு செய்து ஹீட்டரை முழு வேகத்தில் எரிய விட்டது. இருபத்திரண்டில் அணைய வேண்டிய ஹீட்டருக்கு நாற்பத்தைந்து வரை அனுமதி கொடுத்திருந்தவன் கேட்டில் குடையோடு நின்றுகொண்டிருந்தான். குளிர வைக்கும் கம்ப்ரஸர் தனியாக மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, சூடேறி, நின்றுவிட்டது.

பத்து மணிக்கு ஆபீஸர் வந்தார். கவிதா மேடம். குளிர் அறைக்குப் போகிறோம் என்று கனமான ஷால் போர்த்தியிருந்தார். யூசுப் பாய் இதற்காகவே வாங்கிய கம்பளி ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போட்டிருந்தார். என்னிடம் அந்த வசதி இல்லாததால் மகளின் பள்ளிக்கூட ஸ்வெட்டரை மாட்டியிருந்தேன் (கை முட்டி வரைதான் வந்தது). மூன்று பேரும் இமயமலைக்குப் புறப்பட்ட கோலத்தில் சாக்லேட் அறை வாசலில் நின்றோம்.

சுவரில் டிஸ்பிளே. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் கையை மட்டும் பின்னால் நீட்டி, "பதினெட்டு டிகிரி மேடம். அரை டிகிரி மேல கீழ போகலாம்" என்றேன்.

மேடம் என் தோளுக்கு மேலே பார்த்தார். "முப்பத்தொன்பதுன்னு காட்டுதே."

"அது வெளி டெம்பரேச்சரா இருக்கும் மேடம்."

"வெளிய இவ்ளோ இல்லியே" என்றார் பாய், மங்கி கேப்பைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

கதவைத் திறந்தேன். அக்கினி நட்சத்திரத்தில் தார் ரோட்டில் நடக்கும்போது முகத்தில் அறையுமே, அந்தக் காற்று வந்தது. குளிரில் அடங்கிக் கிடந்த வாசனை, சூட்டில் எழுந்து உட்கார்ந்து, மேடத்தை வரவேற்க வாசலுக்கே வந்துவிட்டது. மேடம் ஷாலால் மூக்கை மூடிக்கொண்டார். அதுவரை அந்த ஷாலுக்கு வேறு வேலை இல்லை.

"இங்க என்ன வெச்சிருந்தீங்க?"

"ஒண்ணும் இல்லையே மேடம்" என்றார் பாய். அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. "சூடாத்தான் கீது. மத்தபடி இன்னா?"

"கருவாட்டு நாத்தம் வருது. உங்க யாருக்குமே வரலையா?"

பின்னால் நின்ற எட்டுப் பேரும் ஒரே குரலில், "இல்ல மேடம்" என்றார்கள். மேடம் எங்களை வரிசையாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட இரக்கம்தான் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஷெட் வாசலில் மீன்பாடி வண்டியின் சத்தம். அத்தை இறங்கினார். காலைச் சரக்கு அத்தனை அருமையாக வந்ததில் அடுத்த லோடையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"மாப்ள, நெத்திலி கொண்டாந்துகீறன். எங்க மாட்டட்டும்?" என்றவர், பாயின் ஸ்வெட்டரையும் என் ஸ்வெட்டரையும் பார்த்தார். "இன்னாத்துக்கு எல்லாரும் வேஷம் கட்டிகினு நிக்கறீங்கோ?"

பாய் மெதுவாக மங்கி கேப்பைக் கழற்றினார். தலையிலிருந்து வியர்வை சொட்டியது. "தனசேகரு" என்றார். அவ்வளவுதான். என் பெயரை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோணியிலிருந்து நாற்பத்தைந்து வரை, வரிசையாக. மேடம் முழுவதும் கேட்டார். பிறகு, "கப்பல் வெள்ளிக்கிழமை வருது. வேற இடம் தேட எனக்கு டைம் இல்ல, அதனாலதான் சொல்றேன்" என்றார். "வியாழக்கிழமை வரேன். சாக்லேட் பக்கத்துல இருக்கற எல்லா வாசனையையும் இழுத்துக்கும். இதுல பாதி இருந்தாகூட நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் போனதும் அந்தோணி என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "டேங்கர் லாரிக்கு லோடுமேன் வோணாம் சார்" என்று மட்டும் சொன்னார்.

அன்று நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. முதலில் எல்லையை இருபத்திரண்டுக்கு இறக்கி, நின்றுபோன கம்ப்ரஸரை மறுபடி ஓட விட்டேன். அறை பத்தொன்பதைத் தாண்டிவிட்டால், ஈரம் என்ன சொன்னாலும் ஹீட்டர் எரியக் கூடாது என்று புதிதாக ஒரு கட்டளை சேர்த்தேன். சென்சாரைத் தரையோரத்திலிருந்து கழற்றித் தலை உயரத்தில் மாட்டினேன். ஹீட்டரின் மூன்று பகுதிகளும் ஒன்றாக எரியாமல், ஒன்று எரிந்து, பொறுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் அடுத்தது என்று மாற்றினேன். அந்தோணியும் ஆட்களும் குளிர்க் குழாய்களைப் பல் தேய்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தேய்த்தார்கள். ஃபில்டர் அத்தனையும் புதிது. நெத்திலியைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னதும் அத்தை, "ஒரு நாளு குடுத்துட்டு மறுநாளு இல்லங்கறது இன்னா மரியாத?" என்று கேட்டார். ஆனாலும் புடவையைச் செருகிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து தரையைத் தேய்த்தார்.

இருட்டும்போது பாய் வந்து நின்றார். "போய்டிச்சா?"

"போயிடுச்சு பாய்" என்றோம் எல்லாரும்.

"உங்க மூக்க வெச்சிகினு இன்னாத்த சொல்றது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "என் மூக்கும் அந்த லட்சணந்தான். நம்ம ஆபீஸ்ல மீன் சாப்பிடாத ஆளு யாருகீறா?"

எல்லாரும் யோசித்தோம். ஒரே ஒருவர்தான். கணக்குப் பார்க்கும் வரதன் சார். எங்கள் சாப்பாட்டு டப்பாக்களுக்குப் பயந்து வருஷக்கணக்காக மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறவர். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. எங்கள் குடோனிலேயே பழுதில்லாத கருவி அவருடைய மூக்குதான், அதை நாங்கள் அதுவரை எதற்குமே பயன்படுத்தியதில்லை. அவர் அன்று விடுப்பு. போனில் விஷயத்தைச் சொன்னேன். நெடுநேரம் சிரித்துவிட்டு, காலையில் காபிகூடக் குடிக்காமல் வருகிறேன் என்றார்.

வியாழக்கிழமை என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேடம் ஷால் இல்லாமல் வந்தார். பிரித்த சாக்லேட் ஒன்றைத் தட்டில் வைத்து, அறைக்குள் ஒரு மணி நேரம் விட்டு, எடுத்துக் கடித்தார். நாங்கள் பத்துப் பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "சாக்லேட் மாதிரிதான் இருக்கு" என்றார். அந்தோணி என் கையைப் பிடித்து நசுக்கியதில் மூன்று நாள் வலித்தது. அந்த ஆட்கள் இன்றும் அதே ஷெட்டில்தான் இருக்கிறார்கள்.

வீட்டில் மட்டும் விஷயம் தேறவில்லை. மல்லிகா வீட்டுப் பக்கம் என் பெயர் 'ஹீட்டர் மாப்ள'. யார் வீட்டு விசேஷத்தில் சாக்லேட் கொடுத்தாலும், என் மகள் பிரித்தவுடன் வாயில் போட மாட்டாள், மோந்து பார்த்து, "வாளையா நெத்திலியா?" என்று என்னைக் கேட்பாள். மழை பிடித்துக்கொண்டால் அத்தையிடமிருந்து போன் வரும். நலம்கூட விசாரிக்க மாட்டார். "மாப்ள, அந்த ரூமு காலியா கீதா?"

டிசம்பர் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மோட்டார் போடவில்லை, பால் வாங்கவில்லை. முதல் வேலையாக வரதன் சாரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு குடோனுக்குப் போனேன். டிஸ்பிளே பதினெட்டு காட்டியது. திரும்பி நின்று, என் கண்ணாலேயே பார்த்தேன். வரதன் சார் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனார். முதல் மூலையில் நின்று மூச்சை இழுத்தார். இல்லை என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார். இரண்டாவது, மூன்றாவது. அந்தோணி வாசலில் சிலுவை போட்டுக்கொண்டார். நான்காவது மூலையில், காற்றுப் போகும் கம்பி வலைக்குப் பக்கத்தில், வரதன் சார் நின்றார், குனிந்தார், மறுபடி இழுத்தார். பிறகு, "இங்க இருக்கு" என்று கையைத் தூக்கினார்.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.